சூடு இல்லை தம்பி, அது தொற்று

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 23, சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், பெங்களூர் பொம்மசந்திராவில் வேலை, நண்பர்களோடு ஒரே அறை. ஐந்து வாரத்துக்கு முன்னால், பழகிய ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு. நான்காம் நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல், ஜட்டியில் மஞ்சள் கறை. அறை நண்பர் "உடம்புச் சூடு" என்றார். இளநீர், ஊறவைத்த வெந்தயம் என்று ஒரு வாரம் ஓடியது. அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் மாத்திரை. இப்போது எரிச்சல் இல்லை, காலையில் எழுந்ததும் மட்டும் ஒரு சொட்டு வருகிறது. சரியாகிவிட்டதா, எச்ஐவி இருக்குமா, வீட்டுக்குத் தெரியாமல் பரிசோதிக்க முடியுமா, அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையின் பரிசோதனை மையத்தில் பதினோரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று ஊர் மாறும்; இளநீரும் வெந்தயமும் மாறாது. அதனால் முதல் கேள்விக்குப் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சரியாகவில்லை. காலையில் வருகிற அந்த ஒரு சொட்டே அதைச் சொல்கிறது.

இந்தச் "சூடு" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இதை நம்பி உடம்பு கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உறவில் தொற்றும் இந்த நோய்க்கு நம் ஊரில் பழைய பெயர் வெட்டை, மேகவெட்டை. வெட்டை என்ற சொல்லுக்கே வெப்பம் என்றும் பொருள் உண்டு. "வெட்டைச் சூடு" என்று இன்றும் சொல்கிறார்கள். பெயரிலேயே சூடு இருப்பதால் எரிச்சல் என்றதும் நம் புத்தி நேராகக் குளிர்ச்சிக்குப் போகிறது: எண்ணெய்க் குளியல், மோர், இளநீர். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப் போய் எரிச்சல் குறையும், அது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது கிருமி. இளநீருக்கு அது சாகாது. வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர் அடர்ந்து லேசாக எரியலாம். அதில் சீழ் வராது. ஜட்டியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கறை பட்டால், அன்றோடு சூடு என்ற பேச்சை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணச் சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு அடிக்கடி வரும், அவர்களுடைய சிறுநீர்க்குழாய் குட்டையானது. உங்கள் வயது ஆணுக்கு அது அபூர்வம். ஆகவே உறவு வைத்துக்கொண்ட இளைஞருக்கு எரிச்சலும் சீழும் சேர்ந்து வந்தால், டாக்டர் முதலில் நினைப்பது கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினை நோய்களையும்தான். கொனோரியா பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாளுக்குள் தெரியும், சீழ் கெட்டியாக வரும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அதில் வருவது பல நேரம் தண்ணீர் மாதிரி இருக்கும், சிலருக்கு ஒன்றுமே வராது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால் இரண்டுக்குமாகச் சேர்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

சரி, மெடிக்கல் ஷாப் மாத்திரை என்ன செய்தது? பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் "நீர்க்கடுப்பு" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைதான். ஒரு காலத்தில் அது கொனோரியாவுக்குக் கேட்டது. இப்போது அந்தக் கிருமி அதற்குப் பழகிவிட்டது, இந்தியாவில் அதை நம்பவே முடியாது. மருந்தே சாப்பிடாவிட்டாலும் சில வாரங்களில் எரிச்சல் தானாகவே மட்டுப்படும் நோய் இது. மாத்திரையால் குணமானது என்று நினைத்துக்கொள்வோம். கிருமி அங்கேயே உட்கார்ந்திருக்கும், அடுத்தவருக்கும் போகும். அப்படியே விட்டால் விதைப்பையின் பின்புறமுள்ள குழாய்க்கு ஏறி வீக்கமும் வலியும் கொடுக்கும், சிலருக்குக் குழந்தைப் பேற்றையே பாதிக்கும்.

பெண்ணுக்கு இதைவிட மோசம். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் கொஞ்சம் வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் லேசான வலி, உறவுக்குப் பின் ஒரு துளி ரத்தம் அவ்வளவுதான். அதையும் சூடு என்றே சொல்லிவிடுவார்கள். கிருமி கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாயைப் புண்ணாக்கித் தழும்பாக்கிவிடும். பல வருடம் கழித்துக் கல்யாணமாகி, குழந்தை இல்லை என்று அலையும்போதுதான் குழாய் அடைத்திருப்பது தெரியவரும். அதே தழும்பால் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் என்று இதைப் படிக்கும் பெண்கள் பயந்துவிட வேண்டாம். மாத சுழற்சியில் நிறமில்லாமல், நாற்றமில்லாமல் வருவது இயல்பு. தயிர்த் திரி மாதிரி வந்து அரித்தால் அது பூஞ்சை, அது பால்வினை நோய்க் கணக்கில் வராது. மஞ்சள் பச்சை நிறம், நுரை, கெட்ட வாடை, அடிவயிற்று வலி என்றால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

எரிகிற நோயாவது ஆளை மருத்துவமனைக்கு விரட்டும். எனக்கு அதிகம் பயம் தருவது வலிக்காத நோய். சிபிலிஸ், நம் ஊர்ப் பெயர் கிரந்தி. கிருமி உடம்புக்குள் போய் ஏறக்குறைய மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும், அந்த இடத்தில் ஒரு புண் வரும். தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கும், வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். ஒருமுறை டெலிவரி வேலை செய்யும் ஒரு பையன் வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் செம்புப் பொட்டு மாதிரி தடிப்பு, அரிப்பே இல்லை. கையுறை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து களிம்பு போட்டுக்கொண்டிருந்தான். காலைக் காட்டச் சொன்னேன். ஷூவைக் கழற்றினால் உள்ளங்காலிலும் அதே பொட்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் புண் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு அக்கா, வலிக்கல, அதான் விட்டுட்டேன்" என்றான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒருசேரத் தடிப்பு என்றால் உடனே சிபிலிஸுக்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அவன் செய்தான். இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டார்கள், அன்று முழுக்க நொண்டினான், குணமானான். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அந்தத் தடிப்பும் மறைந்திருக்கும். நோய் பல வருடம் உள்ளே தூங்கிப் பிறகு மூளையையோ இதயத்தையோ பிடித்திருக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் ஓர் ஊசி மருந்தில் தீர்ந்துவிடுகிற நோய்க்கு இத்தனை விலை கொடுக்க வேண்டுமா?

கொத்தாகச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து, தாங்க முடியாமல் வலித்தால் பெரும்பாலும் ஹெர்பிஸ். அதை உடம்பிலிருந்து முழுசாக விரட்ட மருந்து கிடையாது. ஆனால் மாத்திரையில் சீக்கிரம் அடங்கும், போகப் போக வருவது குறையும். காலிஃப்ளவர் மாதிரி வளரும் மரு எச்பிவி வைரஸின் வேலை. அதே குடும்பத்தின் வேறு வகைகள்தான் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. புனேயில் தயாராகும் செர்வாவாக் 2023இல் விற்பனைக்கு வந்தது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவரும் போட்டுக்கொள்ளலாம். 15 வயதுக்கு மேல் மூன்று ஊசி. உங்களுக்கு 23, இன்னும் நேரம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் உறவில் பரவும் நோய்தான். குழந்தைகளுக்கான இலவச அட்டவணையில் அது நாடு முழுக்க வந்தது 2011இல்தான். உங்கள் வயதுக்காரர் பலருக்கு அது கிடைத்திருக்காது.

இனி எச்ஐவி. நீங்கள் ராத்திரி தூங்காமல் இருப்பது இதை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன். ஒருமுறை உறவில் அது வந்திருக்கும் என்று சொல்ல முடியாது, வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. புண்ணோ சீழோ இருக்கும்போது அது தொற்ற வாய்ப்பு கூடுகிறது. அதனால் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும். இப்போது ஒன்று, உறவு நடந்து மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று. தொற்றிய உடனே ரத்தத்தில் தெரியாது என்பதால்தான் இரண்டாவது. அதில் இல்லை என்று வந்தால் இல்லைதான், மாதாமாதம் பயந்து பயந்து பார்க்க வேண்டாம். இருக்கிறது என்றே வந்தாலும் ஏஆர்டி மையம் என்று சொல்லும் அரசு எச்ஐவி சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம், 2004இலிருந்து கொடுக்கிறார்கள். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் வழியாக இன்னொருவருக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் உண்டு. என் மேசையில் அழுதவர்கள் சிலர் பின்னாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள், குழந்தைக்கு நோய் இல்லாமல்.

மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. ஆணுறை கிழிந்தது, பலாத்காரம் நடந்தது என்றால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை தருவார்கள், எச்ஐவி பிடிக்காமல் தடுக்கும். பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியாரே ஆனாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

எங்கே போவது என்று பார்க்கலாம். பலர் "பால்வினை நோய்ப் பிரிவு எங்கே" என்று கேட்கக் கூச்சப்பட்டே வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கேட்கவே வேண்டாம். நம் நாட்டில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே துறை. சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையோ, மார்க்கெட் பக்கம் விக்டோரியாவோ, ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் "ஸ்கின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வரிசையில் தேமல் வந்தவர், முகப்பரு வந்தவர், நீங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்பீர்கள். சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், மொழிக்கும் கஷ்டமில்லை. எச்ஐவி பரிசோதனை மையத்துக்கு இங்கே ஐசிடிசி என்று போர்டு இருக்கும். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். எத்தனை பேரோடு, எப்போது, வாய்வழியா, ஆசனவழியா, ஆணோடா பெண்ணோடா என்று கேட்பார். உங்கள் ஒழுக்கத்தை எடைபோட அல்ல, எங்கே பரிசோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். தொண்டையில் கொனோரியா வந்தால் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. நீங்கள் மறைத்தால் டாக்டர் தொண்டையைப் பார்க்கவே மாட்டார். அப்புறம் கையில் ரத்தம் எடுப்பார்கள். சீழ் இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காலையில் சிறுநீர் போகாமல், அல்லது போய் இரண்டு மணி நேரமாவது கழித்துப் போனால் நன்றாகத் தெரியும். நான் வேலையில் இருந்தபோது மருந்துப் பொட்டலங்களுக்கு நிறம் வைத்திருந்தார்கள்: சீழுக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பிஸுக்குச் சிவப்பு. சாம்பல் பொட்டலத்தை எங்கள் கண் முன்னாலேயே தண்ணீர் கொடுத்து விழுங்க வைப்போம். மருந்து முடிந்து ஏழு நாள், துணையும் மருந்தெடுத்து முடிக்கும்வரை, உறவு கூடாது. மூன்று மாதம் கழித்து எச்ஐவிக்கு வரும்போது இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குத் தெரியுமா? உங்களுக்கு 18 தாண்டிவிட்டது, யாருடைய கையெழுத்தும் வேண்டாம். எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது அது. 18க்குக் கீழே உள்ளவர்கள் விஷயம் வேறு. பரிசோதனைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும், பாலுறவு என்று தெரிந்தால், சிறுவர் சிறுமியரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்காகச் சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

மெஜஸ்டிக் பக்கம் கழிப்பறைச் சுவரில் "குப்த ரோக", அதாவது ரகசிய நோய், என்று ஒட்டியிருக்கிற நோட்டீஸ் எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். சுயஇன்பத்தாலும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலும் எந்த நோயும் வராது. அந்தப் பயத்தை விதைத்துத்தான் ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்கள். அங்கே லேகியம் தின்றுவிட்டுத் தொற்றை முற்றவிட்டு வந்தவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆணுறையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் கைக்கு வருவது அதுதான், அதனால் சொல்கிறேன். மையத்தில் ஒரு பலூனை ஊதிக் கட்டி, பையன்கள் கையில் கொடுத்து எண்ணெய் தடவச் சொல்வேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வெடிக்கும். ஆணுறையும் பெரும்பாலும் அதே ரப்பர்தான், எண்ணெய் அதை அரித்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் தண்ணீர் சார்ந்த ஜெல் கேளுங்கள். பர்ஸிலும் பைக் சீட்டுக்கடியிலும் வைத்தால் வெப்பத்தில் வீணாகிவிடும். உறையின் மேல் தேதி பாருங்கள், பல்லால் கிழிக்காதீர்கள், நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை விட்டுவிட்டு மாட்டுங்கள், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். ஐசிடிசியில் இலவசமாகவே கிடைக்கும். ஹெர்பிஸையும் எச்பிவியையும் அது முழுக்கத் தடுக்காது, மூடாத தோலிலும் அவை இருக்கும். கொனோரியா, கிளமிடியா, எச்ஐவிக்கு, ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால், நல்ல காவல்.

கடைசியாக அந்தப் பெண். சொல்லத்தான் வேண்டும் தம்பி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டால் அடுத்த முறை அதே நோய் உங்களுக்கே திரும்பி வரும். அதைவிட முக்கியம், ஒரு வலியும் தெரியாமல் அவருடைய உடம்புக்குள் அது வேலை செய்துகொண்டிருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கிளமிடியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் இருக்கும், உங்களிடமிருந்தே போயிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலர் நழுவிவிடுகிறார்கள். நேரில் முடியாவிட்டால் இப்படி எழுதி அனுப்புங்கள்: "எனக்கு ஒரு தொற்று இருக்கிறது, டாக்டரிடம் காட்டுகிறேன். உனக்கு ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம், அதனால் நீயும் ஒருமுறை காட்டிவிடு. உன் மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை. வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்."

அவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாத மாத்திரைகள் சில இருக்கின்றன. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் மகப்பேறுப் பிரிவு ஓ.பி.யிலும் காட்டலாம். உங்களோடு வரப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் சீட்டில் டாக்டர் எழுதிய நோயின் பெயரையும் மருந்தையும் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் ஓசூரில் இருந்தாலும் சரி, ஊருக்குப் போயிருந்தாலும் சரி, அங்கே இருக்கிற அரசு மருத்துவமனையில் அதைக் காட்டினால் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.